கோய் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, உடனே என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம்_தோட்டம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 8 அடிக்கு 6 அடி, இரண்டரை அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி, அதில் 14 கோய். எல்லாம் கொளத்தூரில் குட்டியாக வாங்கியவை, இப்போது முக்கால் அடிக்கு வளர்ந்துவிட்டன. பிப்ரவரி வரை எந்தத் தொல்லையும் இல்லை. மே பிறந்ததிலிருந்து தண்ணீர் அடர்பச்சையாகிவிட்டது, விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் அத்தனை மீனும் மேலே வந்து தவிக்கின்றன, வெயில் ஏறிய பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. ஃபில்டர் மோட்டாரை இரவு பத்து மணிக்கு நிறுத்திக் காலையில் போடுவோம். பக்கத்து வீட்டு மாமா லாரித் தண்ணீர் வாங்கி மொத்தமாக மாற்று என்கிறார், வேறொருவர் கல்லுப்பு போடச் சொன்னார். மகளுக்கு அந்த வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு போட்ட மீன்கள் என்றால் உயிர். எதை முதலில் செய்வது?

வேளச்சேரி_மீன்தொட்டி:
முதலில் மோட்டாரை இரவில் நிறுத்தாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம். பச்சைத் தண்ணீர் முழுக்கப் பாசிதான், பகலில் வெளிச்சம் இருக்கும்போது அது ஆக்ஸிஜன் கொடுக்கும், இருட்டியதும் மீன் மாதிரியே அதுவும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் விடிகிற நேரத்தில் தண்ணீரில் காற்று மிகக் குறைவாக இருக்கிறது, வெயில் வந்ததும் மீன் தெளிந்துவிடுகிறது. சூடான தண்ணீருக்கு ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு. 15 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 10 மில்லிகிராம் கரையும், 32 டிகிரியில் 7 சொச்சம்தான். ஜப்பானின் நீகாட்டாவில், குளிர்காலத்தில் பனி கொட்டுகிற மலைக் கிராமங்களில் வளர்த்தெடுத்த மீன் இது, நம் மே மாதத்தைத் தாங்க வேண்டுமென்றால் காற்றுக்கு நாம்தான் வழி செய்ய வேண்டும். இன்றைக்கே ஒரு ஏர் பம்ப் வாங்கி, காற்றைச் சின்னக் குமிழிகளாக விடுகிற ஏர் ஸ்டோன் இரண்டு போட்டு, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும், மணிக்கணக்கில் தண்ணீர் ஓடாமல் நின்றால் அது செத்துப்போய், மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா என்ற விஷம் ஏறும்.

பெரம்பூர்_குளம்:
மேலே சொன்னது சரி. மொத்தத் தண்ணீரையும் மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். லாரித் தண்ணீரிலும் மெட்ரோ தண்ணீரிலும் குளோரின் இருக்கலாம், அது செவுளை அரித்துவிடும். தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும், குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகு விடுங்கள். அம்மோனியா மாறி உண்டாகும் நைட்ரைட் என்ற விஷம் தண்ணீரில் ஏறியிருந்தால் உப்பு உதவும், காற்று இல்லாமல் திணறுகிற மீனுக்கு அதனால் பயனில்லை. உங்கள் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறதென்றால் கூடுதலாகப் போடவே போடாதீர்கள்.

இன்னொன்று, பாசி நிறைந்த குளத்தில் மத்தியானத்துக்கு மேல் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9 வரைக்கும் ஏறும், பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும். சொட்டு விட்டு பிஎச்சும் அம்மோனியாவும் பார்க்கிற டெஸ்ட் கிட் வாங்கிச் சாயங்காலம் நான்கு மணிக்குப் பாருங்கள், காலையில் பார்த்தால் நல்லபடியாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

மாடம்பாக்கம்_ஏரிக்கரை:
தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்தேன், உங்கள் தொட்டி விளிம்பு வரை நிறைந்தாலே 3400 லிட்டர்தான். ஒரு மீனுக்கு 250 லிட்டர்கூட வரவில்லை. கோய் இரண்டு அடி வரைக்கும் வளரும், ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம், அதனால் ஏர் பம்ப் இந்தக் கோடையைத்தான் தாண்ட வைக்கும், அதற்குள் பாதிக்கு மேல் மீன்களைப் பெரிய குளம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மகள் ஆசைப்படுகிற மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரக்கப்பட்டு ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள்: இது கெண்டை இனம், அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, அங்கே இருக்கிற நம் மீன்களையும் செடிகளையும் கெடுத்துவிடும்.

திரும்பக் கட்டுவதாக இருந்தால் நாலரை அடிக்குக் குறையாமல் ஆழம் வையுங்கள், அடித் தண்ணீர் கொஞ்சமாவது குளிர்ச்சியாக இருக்கும், கொக்கும் இறங்கி நின்று மீன் பிடிக்க முடியாது.

மடிப்பாக்கம்_தோட்டம்:
ரொம்ப நன்றி. ஏர் பம்ப் வாங்கி மாட்டிவிட்டேன். தீனி நிறுத்த வேண்டுமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வேளச்சேரி_மீன்தொட்டி:
மீன் தவிக்கிற காலை நேரத்தில் தீனி போடாதீர்கள், செரிக்கவும் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். பத்து பதினொரு மணிக்கு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போட்டால் போதும், மிச்சத்தை வலையால் எடுத்துவிடுங்கள். ஏர் பம்பை வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள், மின்விசிறியைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். அதுவும் நின்றுபோனால் வாளியால் தண்ணீரை மொண்டு இரண்டு அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், கரண்ட் வரும் வரை தாங்கும். பச்சை நிழல்வலையை மேற்குப் பக்கம் கட்டிவிடுங்கள், பாசி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால், தண்ணீர் வழிந்து போகிற குழாய்க்கு வலை போட்டுவிடுங்கள், எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கோய் வெள்ளத்தில் சாக்கடைக்கே போய்விட்டது.