மாமத் குகை: அம்மாவின் முழங்காலுக்கு எந்த டூர் தாங்கும்?

ரயிலடி ராணி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சின்சினாட்டியில் இருக்கிறோம், ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். ஜூலை கடைசியில் நாஷ்வில் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போகிறோம், வழியிலேயே கென்டக்கியில் மாமத் குகை தேசியப் பூங்கா இருக்கிறதே, ஒரு நாள் அங்கே இறங்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். புக்கிங் பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது. ஹிஸ்டாரிக், டோம்ஸ் அண்ட் டிரிப்ஸ்டோன்ஸ், ஃப்ரோஸன் நயாகரா, கிராண்ட் அவென்யூ என்று ஏகப்பட்ட பெயர்கள், அதில் ஒன்று மட்டும் வழிகாட்டி இல்லாமல் நாமே நடப்பது. அம்மாவுக்கு 64 வயது, வலது முழங்கால் தேய்மானம், படி என்றாலே முகம் மாறிவிடும். அப்பாவுக்கு 70, அவர் எங்களை விட வேகமாக நடப்பார். ஐந்து வயதுப் பையன் ஒருவன், ஒன்றரை வயதுப் பாப்பா ஒன்று. என் கணவர் "நாமே நடக்கிற டூர்தான் நல்லது, யார் பின்னாலும் ஓட வேண்டாம்" என்கிறார். எனக்கு என்னவோ அவ்வளவு தூரம் போய் அரை மணி நேரத்தில் வெளியே வந்தால் என்ன பார்த்த மாதிரி இருக்கும் என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்று பிள்ளை அம்மா:

டூரின் பெயரைப் பார்க்காதீர்கள், படி எத்தனை என்று பாருங்கள். நான் அதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். "இரண்டு மணி நேரம், முக்கால் மைல்" என்று போட்டிருந்ததைப் பார்த்து, முக்கால் மைல்தானே, மாமியார் தெருமுனைக் கடைக்குப் போய் வருகிற தூரம் என்று டோம்ஸ் அண்ட் டிரிப்ஸ்டோன்ஸ் எடுத்தேன். உள்ளே நுழைந்ததும் கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி 280 படி, மொத்தம் 500. பாதியில் திரும்ப முடியாது, பின்னால் ஒரு கூட்டமே இறங்கிக்கொண்டிருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அன்று ராத்திரி ஓட்டலில் தைலம் தேய்க்கும்போதுதான் சொன்னார்!

உங்கள் அம்மாவுக்கு ஃப்ரோஸன் நயாகராதான். கால் மைல் நடை, கட்டாயமான படிகள் பன்னிரண்டே. நடுவில் இன்னொரு 98 படி இறங்கி ஏறுகிற ஒரு பகுதி வரும், அது விருப்பம் இருந்தால் மட்டும், வேண்டாம் என்றால் மேலேயே நின்றுகொள்ளலாம். விசிட்டர் சென்டரிலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருவார்கள், அதனால் வெளியேயும் நடை இல்லை.

பாப்பாவுக்கு: ஸ்ட்ரோலர் உள்ளே விட மாட்டார்கள். முதுகில் மாட்டுகிற கேரியரும் கூடாது, கூரை தாழ்ந்த இடத்தில் குழந்தையின் தலை இடிக்கும். முன்னால் கட்டிக்கொள்கிற துணிக் கேரியர் எடுத்துப் போங்கள்.

ஐ65 டிரைவர்:

லூயிவில்லில் பத்து வருடமாக இருக்கிறேன், வருகிற விருந்தாளிகளையெல்லாம் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் அங்கே பூங்கா ஊழியர்களான ரேஞ்சர்களுக்கே என் முகம் பழகியிருக்கும். யாரும் சொல்லாத ஒரு விஷயம், நேரம். சின்சினாட்டியும் லூயிவில்லும் ஈஸ்டர்ன் நேரம், குகை இருப்பது ஒரு மணி நேரம் பின்தங்கிய சென்ட்ரல் நேரத்தில். டிக்கெட்டில் பத்து மணி என்றால் அது உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குப் பதினொன்று. போகும்போது ஒரு மணி நேரம் லாபம், முதல் தடவை நாங்கள் அரக்கப் பரக்க ஓட்டிப்போய்க் கதவு திறக்கக் காத்திருந்தோம். திரும்பும்போதுதான் அந்த ஒரு மணி நேரம் கடன் மாதிரி வந்து நிற்கும். நீங்கள் அடுத்து நாஷ்வில் போவதால் பரவாயில்லை, அதுவும் சென்ட்ரல்தான்.

ஜூலையில் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும், இன்றைக்கே போடுங்கள். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, குகை டூருக்குத்தான் காசு, அதனால் மற்ற பூங்காக்களுக்கு வைத்திருக்கிற வருடாந்திர பாஸைக் காட்டினால் தள்ளுபடி இல்லை. சீனியர் பாஸுக்குப் பாதி விலை உண்டு, ஆனால் அது குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்திருந்தால் கேட்க வேண்டாம். வடக்கிலிருந்து வருவதால் ஐ65 நெடுஞ்சாலையில் எக்ஸிட் 53-ல் இறங்குங்கள். பூங்காவுக்குள் போன் சிக்னலை நம்பாதீர்கள், டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். குகைக்குள் சாப்பாடு கூடாது, தண்ணீர் மட்டும், ஆனால் வெளியே மரத்தடியில் நல்ல மேசைகள் இருக்கின்றன.

பாறைப்பித்தன்:

ராணி, உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஆனால் எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும், இல்லாவிட்டால் "இவ்வளவுதானா" என்று திரும்புவீர்கள், அப்படித் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

குகை என்றதும் நம் மனதில் வருவது மேலிருந்து தொங்குகிற சுண்ணாம்பு விழுதுகள். மாமத் குகையின் பெரும்பகுதியில் அது கிடையாது. இதுவரை அளந்ததே 420 மைலுக்கு மேல், உலகத்தில் தெரிந்தவற்றில் மிக நீளமான குகை, ஆனால் பெரும்பாலும் வறண்ட, வெறுமையான, பிரம்மாண்டமான சுரங்கப் பாதைகள். காரணம் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிற மணற்பாறை. மழைத் தண்ணீரை அது உள்ளே இறங்க விடாது, சொட்டு விழாத இடத்தில் விழுது எப்படி வளரும்? அந்த மூடி இருப்பதால்தான் இவ்வளவு பெரிய பாதைகள் இடிந்து விழாமல் நிற்கின்றன. மூடி அரித்துப் போன ஓரங்களில் தண்ணீர் இறங்குகிறது, அங்கே மட்டும் விழுதுகளும் உறைந்த அருவி மாதிரியான படிவமும். ஃப்ரோஸன் நயாகரா அப்படி ஒரு ஓரம். அதனால் அம்மாவுக்கு அதுதான் சரி என்று மேலே சொன்னதை நானும் வழிமொழிகிறேன். படி குறைவு, நாம் கற்பனை செய்து வைத்திருக்கிற குகையும் அதுதான்.

நாமே நடக்கிற டிஸ்கவரி டூர் வேறு ரகம். பழைய வாசல் வழியாக இறங்குவீர்கள், ஜூலை வெயிலில் அந்தப் படியில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று முகத்தில் அடிக்கும், உள்ளே வருடம் முழுக்க ஏறக்குறைய 54 டிகிரி ஃபாரன்ஹீட். கொஞ்சம் நடந்தால் ரொட்டுண்டா என்கிற பெரிய மண்டபம். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போர்க் காலத்தில் வெடிமருந்துக்காக அடிமைகளை வைத்து இங்கே மண்ணைக் கரைத்து வெடியுப்பு எடுத்தார்கள், அந்த மரத் தொட்டிகளும், மரத்தைக் குடைந்து செய்த குழாய்களும் இன்னும் மக்காமல் அப்படியே கிடக்கின்றன. முக்கால் மைல், 160 படி. ஆங்காங்கே ரேஞ்சர்கள் நிற்பார்கள், கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் தொந்தரவு இல்லை. ஐந்து வயதுப் பையன் ஒரு கல்லைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றால் நீங்களும் நிற்கலாம், வழிகாட்டி டூரில் அது நடக்காது.

மூன்று பிள்ளை அம்மா:

160 படியோடு, பழைய வாசலுக்கு விசிட்டர் சென்டரிலிருந்து சரிவில் இறங்க வேண்டும், முடித்துவிட்டு அதே மேட்டில் மூச்சு வாங்க ஏற வேண்டும். அதை யாரும் படிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வௌவால் மாமா:

பித்தன் சொன்னது சரிதான், ஆனால் வழிகாட்டியை இப்படிக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. இந்தக் குகையின் கதையே வழிகாட்டிகள் கதைதான். ஸ்டீபன் பிஷப் என்று ஒருவர், 1838-ல் அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்டவர், பாட்டம்லெஸ் பிட் என்கிற பள்ளத்தைத் தாண்டி அதுவரை யாரும் போகாத பக்கம் போனார், நினைவிலிருந்தே குகையின் வரைபடம் போட்டார். சீமான்களும் சீமாட்டிகளும் அவர் கையிலிருந்த விளக்கை நம்பித்தான் உள்ளே நடந்தார்கள். அவருக்கு விடுதலை கிடைத்தது 1856-ல், அடுத்த வருடமே இறந்துவிட்டார். இதையெல்லாம் அந்தப் பள்ளத்தின் மேலிருக்கிற பாலத்தில் நின்று ஒரு ரேஞ்சர் சொல்லக் கேட்பது வேறு, பலகையில் படிப்பது வேறு. எங்கள் டூரில் விளக்கையெல்லாம் அணைத்துக் காட்டினார்கள். அந்த இருட்டை வீட்டில் கரண்ட் போகிற இருட்டு என்று நினைக்காதீர்கள், கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது.

உங்கள் அப்பாவை ஹிஸ்டாரிக் டூருக்கு அனுப்புங்கள். இரண்டு மைல், இரண்டு மணி நேரம், 540 படி. ஃபேட் மேன்ஸ் மிசரி என்று ஒரு இடுக்கு வரும், நம் மொழியில் சொன்னால் குண்டர் படும் பாடு, பக்கவாட்டில் நெளிந்துதான் போக வேண்டும். எனக்குத் தொப்பை உரசியது, அவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொன்று, வேறு குகைக்குப் போட்டுப் போன செருப்பையோ துணியையோ இங்கே போடாதீர்கள். வௌவால்களைக் கொல்கிற வெண்மூக்கு நோய்ப் பூஞ்சை அப்படியும் ஊர் விட்டு ஊர் பரவலாம். வெளியே வரும்போது சோப்புத் தண்ணீர் ஊறிய விரிப்பில் எல்லோரையும் நடக்கச் சொல்வார்கள்.

ரயிலடி ராணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன். காலையில் குடும்பத்தோடு ஃப்ரோஸன் நயாகரா, மரத்தடியில் புளிச்சோறு, மதியம் அப்பாவும் கணவரும் ஹிஸ்டாரிக். நானும் பையனும் டிஸ்கவரி போய் வருவோம், அம்மா பாப்பாவோடு விசிட்டர் சென்டரில் இருந்துகொள்கிறேன் என்கிறார். கணவருக்குக் குண்டர் படும் பாட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம், அம்மா புடவைதான் கட்டுவார், நயாகராப் பக்கம் தரை ஈரமாக இருக்குமா?

மூன்று பிள்ளை அம்மா:

இருக்கும், அங்கேதான் தண்ணீர் சொட்டுகிறதே. புடவை பரவாயில்லை, கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், கைப்பிடி இருக்கிறது. ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், உங்கள் ஷூ ஒன்றை மாட்டிவிடுங்கள். மேலே ஒரு ஸ்வெட்டரும்.