காளானுக்கும் செவுளா?

வணக்கம். மீனுக்கும் காளானுக்கும் ஆங்கிலத்தில் 'கில்' (gill) என்ற ஒரே சொல்தானே, காளான் குடைக்கு அடியில் வரிவரியாகத் தொங்குவதையும் 'செவுள்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை.

கொம்புத் திருக்கையையும் புற்றுக்காளானையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சங்கதி அடிப்பக்கத்தில்தான், அதுவரை சரி. திருக்கைக்கு வயிற்றுப்புறம் இருபக்கமும் ஐந்தைந்து செவுள் பிளவுகள். வாயில் புகும் நீர் அவற்றின் வழியே வெளியேறும்போது செவுள் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். அங்கேயே உள்ள வடிதட்டுகள் மிதவை உயிரிகளைச் சலித்து நிறுத்தும். காளானில் நடப்பது நேர் எதிர். தகட்டின் இருபுறமும் விளையும் வித்திகள் (காளான் பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்கள்) ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாத தூரத்துக்குத் தெறித்து, இரு தகடுகளுக்கு நடுவில் நேராகக் கீழே விழுகின்றன. தகடு சாய்ந்திருந்தால் பக்கத்துத் தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். விரிந்த குடையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள். காலையில் வெளிர் இளஞ்சிவப்புப் பொடி ஆரம் ஆரமாகப் படிந்திருக்கும். இதில் மூச்சு எங்கே வந்தது?

'சிப்பிக்காளான்' என்கிறோமே, அது மட்டும் சரியா என்று கேட்கலாம். அது முழு உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். யாரும் உள்ளே முத்துத் தேடப்போவதில்லை. உறுப்பின் பெயர் அப்படியல்ல. செவுள் என்றதும் மாணவர் சுவாசம் என்றுதான் எழுதுவார்.

வித்தியைச் 'சிதல்' என்றும் சொல்வதால் வந்த 'சிதல்தகடு' என்ற பரிந்துரையும் இடிக்கிறது. சிதல் என்றால் பழந்தமிழில் கறையான். கறையான் புற்றில் முளைக்கிற காளானுக்கே அந்தச் சொல்லா!

என் பரிந்துரை 'ஏடு'. இந்த உறுப்பின் அறிவியல் பெயரான லத்தீன் லாமெல்லாவுக்கும் (lamella) மெல்லிய தகடு என்றுதான் பொருள். புத்தகத்தைச் சற்றே விரித்துப் பிடித்தது போலத்தான் அதுவும் தெரிகிறது. சொல்லும் நன்றாகக் கிளைக்கிறது: புற்றுக்காளானில் காம்பைத் தொடாத ஏடு, சிப்பிக்காளானில் காம்பில் இறங்கும் ஏடு. இந்த வகை மொத்தத்துக்கும் ஏட்டுக்காளான். (ஏட்டுச் சுரைக்காய் மாதிரி இதுவும் கறிக்கு உதவாதா என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.) ஏட்டுக்குப் பதில் துளைகள் இருந்தால் துளைக்காளான்.

சாந்தரெல் காளானை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அதில் இருப்பவை தனித்தனித் தகடுகள் அல்ல, குடையின் சதையே மேடிட்டுக் கிளைத்த வரிகள். அதற்கு 'மடிப்பு' போதும் என்பது என் எண்ணம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.