புதுப்பிப்பு: மெயிலில் பாதியில் அறுந்த லிங்க் – தீர்ந்தது

ஆம்பூர் ஷூ மாதிரிப் பட்டியலின் லிங்க் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குப் பாதி மட்டும் நீலமாகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

காரணம் இரண்டு. ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தது. இடைவெளி வந்ததும் லிங்க் முடிந்துவிட்டதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. பெயரில் இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டதும் அது சரியானது. (பெயரை மாற்ற முடியாதென்றால், லிங்க்கில் இடைவெளி வரும் இடத்தில் %20.) இரண்டாவது, லிங்க் 120 எழுத்துக்கு மேல். வெறும் டெக்ஸ்ட் மெயிலில் வரிக்கு 78 எழுத்து என்பது பரிந்துரை, அதனால் அனுப்பும் மென்பொருளே நீண்ட லிங்க்கை அடுத்த வரிக்கு மடித்துவிடுகிறது. மடிந்ததைச் சில மென்பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன, சில ஒட்டுவதில்லை.

ராணிப்பேட்டை நண்பர் சொன்னபடி லிங்க்கைக் கோணக் குறிகளுக்குள் (< >) அடைத்தேன். கடைசி முற்றுப்புள்ளி லிங்க்கோடு ஒட்டுவது நின்றது; மடிப்பு எல்லா இடத்திலும் சரியாகவில்லை. முழுத் தீர்வு காட்பாடி நண்பர் சொன்னதுதான்: எச்டிஎம்எல் மெயிலாக (சொற்களுக்குள்ளேயே லிங்க் வைக்கக்கூடிய வடிவில்) எழுதி, 'மாதிரிப் பட்டியல்' என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+கே அழுத்தி முகவரியை ஒட்டுவது. ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட் மூன்றிலும் இதே விசைதான்.

எதிர்பாராதவை: முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கியே ஆகவேண்டும், www என்று மட்டும் தொடங்கினால் சிலவற்றில் அழுத்தினாலும் எங்கும் போகாது. கண்ணுக்குத் தெரிவது ஒரு முகவரி, உள்ளே வேறு முகவரி என்றிருந்தால் தண்டர்பேர்ட் மோசடி எச்சரிக்கை காட்டும். எனவே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முகவரிக்குப் பதில் சொற்களே இருக்கட்டும். டெக்ஸ்டாகவே மெயில் படிப்பவர்களுக்காக, கீழே தனி வரியில் 70 எழுத்துக்குள் அடங்கும் லிங்க்கையும் சேர்த்துவிடுங்கள்.