கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு தராசு வரவில்லை – அவசரம்

பூக்கடை_மாப்ள (இரவு 9:12)
வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவின் கமிஷன் கடை இருக்கிறது. அங்கே உள்ள கம்ப்யூட்டரில் இன்று மதியம் கெர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) அப்டேட் போட்டேன். அதிலிருந்து தராசு வரவில்லை. காலை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பில் புரோகிராமைத் திறந்தால் போர்ட் இல்லை என்கிறது. நாளைக்கு முகூர்த்தம், விடியுமுன்னே உசிலம்பட்டிப் பூ வந்து இறங்கிவிடும். கையால் சிட்டை எழுதி மாளாது. பழைய கெர்னலுக்கு எப்படிப் போவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கோரிப்பாளையம்_பைத்தான்
எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனீர்கள்? தராசு நேரடியாக சீரியல் போர்ட்டில் சேர்கிறதா, யுஎஸ்பி வழியாகவா? பில் புரோகிராம் யார் எழுதியது, அதில் போர்ட் பெயர் என்ன கொடுத்திருக்கிறது?

மேலூர்_வயர்மேன்
கெர்னல் கிடக்கட்டும் தம்பி, முதலில் எர்த் பாருங்க. பூ மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தரை எப்போதும் ஈரம். தராசு அடாப்டரில் லீக்கேஜ் இருந்தால் யுஎஸ்பி தானாகவே அறுந்து போகும். அடித் தகட்டைக் கழற்றி உள்ளே போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தெப்பக்குளம்_டீ
அண்ணே, கழற்றச் சொல்லாதீங்க. தராசில் தொழிலாளர் துறை முத்திரை இருக்கும். அதை உடைத்தால் நாளைக்கு எடை போடவே முடியாது, அப்புறம் அபராதம் வேறு.

பழங்கெர்னல்
"தராசு வரவில்லை" என்பது பிழைச் செய்தி அல்ல. கெர்னல் மூலத்தோடு வரும் ஆவணங்களில், கோளாறை எப்படித் தெரிவிப்பது என்று படிப்படியாக ஒரு முழு வழிகாட்டியே இருக்கிறது. கேள்வி கேட்பவர்கள் அதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். பதிப்பு மாறியதால் உடைந்தது என்றால் கிட் பைசெக்ட் செய்து, எந்த மாற்றத்தில் உடைந்தது என்று கண்டுபிடித்துவிட்டு வரவும். இது அடிப்படை.

தெப்பக்குளம்_டீ
பைசெக்ட் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கெர்னலைக் கம்பைல் செய்து, ரீபூட் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் பூக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். முடிப்பதற்குள் மொட்டெல்லாம் விரிந்துவிடும்.

பூக்கடை_மாப்ள (இரவு 9:41)
உபுண்டு. யுஎஸ்பி வயர்தான். நீலக் கலர், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும்.

கோரிப்பாளையம்_பைத்தான்
நீலக் கலர் சரி. உள்ளே என்ன சிப்? வயரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். டெர்மினலில் டிமெஸ்ஜி (கெர்னலின் செய்திப் பதிவு) கொடுத்து, கடைசியில் வரும் வரிகளை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் எல்எஸ்யுஎஸ்பி (செருகியுள்ள யுஎஸ்பி கருவிகளின் பட்டியல்) கொடுத்து அந்த வயருக்கான வரியையும். பதிப்பு எண்ணை இன்னும் சொல்லவில்லை.

திருமங்கலம்_சிப்
நீல வயர் என்றாலே போலி சிப்தான். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் புராடக்ட் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. ஊருலகத்தில் ஏகப்பட்ட வயர் ஒரே நாளில் செத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். புரோலிஃபிக் கம்பெனியும் பழைய சிப்புகளுக்கு விண்டோஸில் இதே கதவடைப்புதான். உங்கள் வயரும் அந்த வகையாக இருக்கும். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போய் நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

கோரிப்பாளையம்_பைத்தான்
அது விண்டோஸ் டிரைவர். இவர் இருப்பது லினக்ஸில். பூஜ்யமாக்கப்பட்ட அந்த எண்ணையும் லினக்ஸ் டிரைவர் அந்த வருடமே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. செத்த வயரெல்லாம் இங்கே உயிரோடு ஓடியது. அதுவும் போக, ராத்திரி பத்து மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

அனுமதி_குமாஸ்தா
சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயலவுட் குழுவில் உங்கள் யூசர் இருக்கிறாரா? சீரியல் போர்ட் என்றால் 100-க்கு 99 இதுதான் காரணம். குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். சேர்த்தால் மட்டும் போதாது, லாக்அவுட் முக்கியம்.

பூக்கடை_மாப்ள (இரவு 10:20)
டயலவுட்டில் முன்பே இருக்கிறது. ரீஸ்டார்ட்டும் பண்ணிப் பார்த்தேன். எல்எஸ்யுஎஸ்பியில் 1ஏ86:7523, கின்ஹெங், சிஎச்340 சீரியல் கன்வர்ட்டர் என்று வருகிறது. டிமெஸ்ஜியில், சிஎச்341 கன்வர்ட்டர் கண்டுபிடிக்கப்பட்டது, டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட்டில் சேர்ந்தது, பிறகு டிடிஒய்யுஎஸ்பி0-விலிருந்து பிரிந்தது என்று இருக்கிறது. 20.04-லிருந்து 22.04-க்குப் போனேன். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய 5.4 கெர்னல் இன்னும் இருந்தது, அதில் பூட் பண்ணியும் இதே கதைதான்.

கோரிப்பாளையம்_பைத்தான்
ஆக, அது கெர்னல் அப்டேட் இல்லை, உபுண்டு பதிப்பையே மாற்றியிருக்கிறீர்கள். 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் மாறவேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் முக்கியமான விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. 5.4 கெர்னலிலும் அதே கோளாறு என்றால், உடைந்தது கெர்னல் இல்லை. கெர்னலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வேறு ஏதோ ஒன்று.

திருமங்கலம்_சிப்
சிஎச்340 என்று வந்துவிட்டதா? சொன்னேனே, மலிவு வயர்.

கோரிப்பாளையம்_பைத்தான்
மலிவு வேறு, போலி வேறு. சிஎச்340 யாரையும் பார்த்துக் காப்பியடித்ததில்லை. சீனாவின் நான்ஜிங்கில் கின்ஹெங் நிறுவனமே தன் பெயரில் செய்து விற்கிற சிப். காலை வரை ஓடிய வயர் மத்தியானம் போலியாகிவிடுமா?

மேலூர்_வயர்மேன்
சேர்ந்து உடனே பிரிகிறது என்றால் வோல்டேஜ் டிராப். எர்த் பார்த்தீர்களா இல்லையா?

பழங்கெர்னல்
கெர்னல் ஆவணங்களில் யுஎஸ்பி சீரியலுக்கு என்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனிப் பகுதி. சிஎச்341-க்கும் உண்டு. ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்காமல் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோரிப்பாளையம்_பைத்தான்
திறந்து பார்த்தேன். இருக்கிறது, ஒரு பத்தி. விண்டோஸ் டிரைவர் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து எழுதிய டிரைவர் இது, டேட்டாஷீட் எதுவும் தற்போது கிடைக்கவில்லை, இந்தச் சிப்பில் உள்ள பேரலல் போர்ட்டையும் ஐ2சி, எஸ்பிஐ என்ற மற்ற இணைப்பு முறைகளையும் இது தொடாது என்று சொல்கிறது. அதே பக்கத்தில் ஹேண்ட்ஸ்பிரிங் வைசர், பாம் என்ற பழைய கையடக்கக் கருவிகளும் இருக்கின்றன. அந்தக் கருவிகளைக் கடையில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று? சேர்ந்த போர்ட் ஏன் உடனே பிரிகிறது என்று அதில் ஒரு வரி காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

பழங்கெர்னல்
ஆவணம் கெர்னலை விளக்குவதற்கு. உங்கள் கடைக் கோளாறுக்குப் பதில் எழுதுவதற்கு அல்ல. அது புரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

தெப்பக்குளம்_டீ
அப்படியானால் அதைப் படித்துவிட்டு வா என்று அவரை ஏன் அனுப்பினீர்கள்?

ஆறுபுள்ளி (இரவு 10:52)
பூக்கடைத் தம்பி, நீங்கள் எழுதிய டிமெஸ்ஜியில் இடையில் ஒரு வரியை விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "சேர்ந்தது" என்பதற்கும் "பிரிந்தது" என்பதற்கும் நடுவே யுஎஸ்பிஎஃப்எஸ் என்று தொடங்கும் வரி ஏதாவது இருக்கிறதா? அதில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் வருகிறதா?

பூக்கடை_மாப்ள
ஆமாம் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் 0-வை சிஎச்341 வைத்திருக்கும்போதே பிஆர்எல்டிடிஒய் கான்ஃபிக் 1-ஐ அமைக்கிறது என்கிற மாதிரி ஒரு வரி. தராசுக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரிந்தது, அதனால் எழுதவில்லை.

ஆறுபுள்ளி
அந்த வரிதான் விஷயம். பிஆர்எல்டிடிஒய் என்பது பிரெயில் திரைகளை இயக்கும் சேவை. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் கருவி, ஊசிகள் மேலும் கீழும் எழுந்து எழுத்தாக நிற்கும். நான் இங்கே ஒரு பார்வையற்றோர் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன், அதனால் இந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறவன்.

நடப்பது இதுதான். அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான தேசிய நூலகச் சேவை தரும் ஒரு பிரெயில் வாசிப்புக் கருவியில், உங்கள் நீல வயரில் இருக்கிற அதே வகைச் சிப். யுஎஸ்பி எண்ணும் அதே 1ஏ86:7523. அந்த எண் சிப்பைத்தான் சொல்லும், சிப் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதைச் சொல்லாது. 22.04-இல் வரும் பிஆர்எல்டிடிஒய்யின் யூடெவ் (கருவி செருகியதும் என்ன செய்வது என்று கவனிக்கும் சேவை) விதிகளில் இந்த எண்ணும் இருக்கிறது. நீங்கள் வயரைச் செருகியதும் கெர்னல் ஒழுங்காக, சிஎச்340-க்கும் உரிய சிஎச்341 டிரைவரைக் கொடுக்கிறது, டிடிஒய்யுஎஸ்பி0 பிறக்கிறது. யூடெவ் அந்த எண்ணைப் பார்த்து "பிரெயில் கருவி வந்திருக்கிறது" என்று பிஆர்எல்டிடிஒய்யை எழுப்புகிறது. அது வந்து கருவியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது, கெர்னல் டிரைவர் விலகுகிறது, போர்ட் மறைகிறது. உங்கள் தராசிடம் அது பிரெயில் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அனுமதி_குமாஸ்தா
அட, ஆர்டுயினோ போர்டு வைத்து விளையாடும் பையன்கள் 22.04 வந்த புதிதில் போர்ட் காணோம் என்று புலம்பியது இதுதானா. பிஆர்எல்டிடிஒய் பேக்கேஜை நீக்கிவிடுங்கள், ஒரே கட்டளை, முடிந்தது.

ஆறுபுள்ளி
பூக்கடைக் கம்ப்யூட்டரில் நீக்கினால் யாருக்கும் நட்டமில்லை, அவசரத்துக்கு அதையே செய்யலாம். ஆனால் எல்லா இடத்திலும் முதல் வைத்தியமாக இதைச் சொல்லாதீர்கள். கல்லூரி லேபில் யாரோ இப்படி நீக்கிவைத்துவிட்டு, எங்கள் மாணவன் தன் பிரெயில் திரையைச் செருகி அது எழும்பாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான வழி, விதிக் கோப்பில் அந்த ஒரு எண்ணை மட்டும் அணைப்பது. 85-பிஆர்எல்டிடிஒய் என்று தொடங்கும் கோப்பு, யுஎஸ்ஆர் லிப் யூடெவ் அடைவில் இருக்கும். அங்கேயே திருத்தினால் அடுத்த அப்டேட்டில் பழையபடி வந்து நிற்கும். அதே பெயரில் ஒரு நகலை இடிசி யூடெவ் விதிகள் அடைவில் போட்டு, 7523 வரும் வரியின் முன்னால் ஹாஷ் குறி போடுங்கள். அங்கே இருப்பதுதான் செல்லும். பிறகு ரீபூட்.

அனுமதி_குமாஸ்தா
யாருமே பயன்படுத்தாத சேவையை எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்றி அனுப்புவானேன்? வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டுமே.

ஆறுபுள்ளி
திரை வேலை செய்தால்தான் அவரால் போட்டுக்கொள்ளவே முடியும். இன்ஸ்டால் செய்யும் முதல் நிமிடத்திலிருந்தே தேவைப்படும் ஒன்றை "பிறகு போட்டுக்கொள்" என்றால், பக்கத்தில் கண் தெரிந்த ஒருவரை உட்காரவைக்க வேண்டும்.

கோரிப்பாளையம்_பைத்தான்
அவர் சொல்வது நியாயம். சேவை இருப்பது தவறில்லை. சந்தையில் லட்சக்கணக்கில் கிடக்கும் ஒரு பொதுச் சிப்பின் எண்ணைப் பார்த்ததும் கேட்காமல் பிடித்துக்கொள்வதுதான் தவறு. பழங்கெர்னல் அண்ணனுக்கும் ஒன்று சொல்கிறேன். இதை எந்த ஆவணத்தில் எழுதுவது? கெர்னல்காரர் இது யூடெவ் விதி என்பார். யூடெவ்காரர் இது பேக்கேஜின் விதி என்பார். மாட்டிக்கொண்டவன் கண்ணுக்குத் தெரிவது "சிஎச்341 பிரிந்தது" என்ற கெர்னல் வரி மட்டும், அவன் கெர்னலைத்தான் திட்டுவான்.

பழங்கெர்னல்
ஆனால் யார் பிடுங்கியது என்று பெயரோடு சொன்னதும் அதே கெர்னல்தான். லாக்கை முழுதாகப் போடச் சொல்லித்தான் அந்த வழிகாட்டியும் எழுதியிருக்கிறது. நான் முதலில் சொன்னதும் அதுவே.

தெப்பக்குளம்_டீ
நீங்கள் முதலில் சொன்னது பைசெக்ட்.

பழங்கெர்னல்
முழுப் பதிலையும் படிக்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. ஆவணங்களை 2016 வாக்கில் ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாற்றி, தேடிப் படிக்க வசதியாக வலைப்பக்கமாகவே கொடுத்த பிறகும் இந்த நிலைமை.

திருமங்கலம்_சிப்
எஃப்டிடிஐ வயராக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறுபுள்ளி
பிஆர்எல்டிடிஒய் விதிகளில் எஃப்டிடிஐ எண்களும் உண்டு அண்ணே. பல பிரெயில் திரைகளுக்குள் அந்தச் சிப்தான் இருக்கிறது.

பூக்கடை_மாப்ள (இரவு 11:35)
வந்துருச்சு. ரொம்ப நன்றி.

கோரிப்பாளையம்_பைத்தான்
எதைச் செய்தீர்கள்? நீக்கினீர்களா, விதியை அணைத்தீர்களா? எழுதிவைத்தால் அடுத்து வருகிறவருக்கு உதவும். இன்னொன்று, கடையில் இரண்டாவது தராசு வாங்கி இதே மாதிரி வயர் போட்டால் எது டிடிஒய்யுஎஸ்பி0, எது 1 என்பது ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறலாம். பெரும்பாலான சிஎச்340-இல் சீரியல் எண் கிடையாது, அதனால் ஐடியை வைத்துப் பிரிக்க முடியாது. பில் புரோகிராமில் பை-பாத் பெயரைக் கொடுத்துவிடுங்கள், எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அது பிரித்துக்கொள்ளும்.

ஆறுபுள்ளி (மறுநாள், பகல் 11:05)
தம்பி, காலையில் எடை எல்லாம் சரியாக விழுந்ததா?

மேலூர்_வயர்மேன் (மறுநாள், மாலை 6:30)
அவர் எங்கே வரப்போகிறார், முகூர்த்த நாள். வந்தால் சொல்லுங்கள், எர்த்தை எதற்கும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.