பழைய பைத்தான் நிரலை ஒரே எழுத்து நடைக்கு மாற்றுவது குறித்து உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாங்கள் 5 பேர் பராமரிக்கும் பைத்தான் நிரலை ஆளுக்கொரு காலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியதால், ஒரு கோப்பில் உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளிகளும் அடுத்த கோப்பில் டேப்பும் இருக்கின்றன. ஒரே தொகையைக் குறிக்கும் மாறிக்கு மூன்று கோப்புகளில் மூன்று பெயர்கள்.

இனி, பைத்தான் எழுதும் நடைக்கென 2001-இல் உருவான பெப் 8 வழிகாட்டியைப் பின்பற்றுவதென முடிவு செய்துள்ளோம். நான்கு இடைவெளி உள்தள்ளலிலும், செயற்கூறுகளின் பெயர்களைச் சிற்றெழுத்தும் அடிக்கோடுமாக எழுதுவதிலும் எவருக்கும் மறுப்பில்லை. சண்டையெல்லாம் வரியின் நீளத்தைப் பற்றியதே. பெப் 8 சொல்வது 79 எழுத்துகள். நிரலின் வடிவத்தைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் பிளாக் கருவியின் இயல்பு அளவு 88. குழுவினர் உடன்பட்டால் 99 வரை நீட்டலாம் என்று பெப் 8 இடமளிப்பதால் வாதம் முடிந்தபாடில்லை. (என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டால் 79 என்றே சொல்லும்.)

நான் உதவி கேட்பது வேறொன்றுக்கு. பிளாக்கை எல்லாக் கோப்புகளிலும் ஒரே நாளில் ஓட்டினால், மாறிய வரிகள் அனைத்தையும் நானே எழுதியதாகக் கிட் பிளேம் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) காட்டும். குறிப்பிட்ட கமிட்டுகளை (பதிவு செய்த மாற்றங்களை) புறக்கணிக்கும் வசதி கிட் 2.23 முதல் இருப்பதால் அதைச் சமாளித்துவிடலாம். ஆனால், முதன்மை நிரலோடு இன்னும் இணைக்கப்படாத கிளைகளில் (தனியே பிரித்து மாற்றிவரும் பிரதிகளில்) மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இதைச் செய்தால், இணைக்கும் நேரத்தில் முரண்பாடுகள் குவியுமே என்பதே என் கவலை. எல்லாக் கிளைகளையும் முதலில் இணைத்துவிட்டு ஓட்டினீர்களா, அல்லது தொடும் கோப்புகளை மட்டும் அவ்வப்போது மாற்றினீர்களா?

மாறிகளின் பெயர்களைப் பிளாக் தொடாது என்பதால், அவற்றைப் பிழையின்றி மாற்றிய அனுபவம் உள்ளவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.