மறுமொழி: பிக்கிங் – தமிழில் என்ன சொல்லலாம்? (கிடங்கு மென்பொருள் இழை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கிடங்கு மென்பொருளின் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தேடும் தமிழ்ச்சொற்களில் பெரும்பாலானவை ஒரு நிலைக்கு வந்துவிட்டன. பொருள் வைக்கும் இடமான 'பின்' என்பதற்கு 'வைப்பிடம்' என்பதை யாரும் மறுக்கவில்லை. ஃபிஃபோவுக்கு 'முதல் வரவு முதல் செலவு' வந்ததும் ஃபெஃபோவுக்கு 'முன் காலாவதி முன் செலவு' தானாகவே அமைந்துவிட்டது. ஆர்டருக்கு வேண்டிய பொருளை அது இருக்கும் இடத்துக்குப் போய் எடுத்துவரும் பிக்கிங் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ஓரகடம் பக்கம் கிடங்குகளில் இந்த மென்பொருளை நிறுவிக்கொடுப்பது என் பிழைப்பு என்பதால், வந்த பரிந்துரைகளை அந்த வேலையோடு வைத்துப் பார்த்து எழுதுகிறேன். மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பிக் என்றால் பொறுக்குதல்தானே? 'பொறுக்கல்' என்று வைத்துவிட்டுப் போகலாம்.

பொறுக்குவது சிதறிக் கிடப்பதை. கிடங்கில் பொருள் சிதறிக் கிடந்தால் மென்பொருள் வாங்கியதே வீண். அது போகட்டும், அந்த வேலை செய்பவரை என்னவென்று அழைப்பது? அவருடைய அடையாள அட்டையில் அச்சடிக்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

> அரசு அலுவலகங்களில் 'வழங்கல்' ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய இருப்புப் பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்: வரவு, செலவு, இருப்பு. பண்டகக் காப்பாளரே சீட்டை வாங்குவார், அவரே உள்ளே போய் எடுத்துவருவார், கட்டிக்கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். அது மொத்தமும் 'செலவு' என்ற ஒரே வரியில் அடங்கியது. 'வழங்கல்' அந்த வரிக்குப் பொருத்தமான சொல்தான்.

மென்பொருள் அந்த ஒரு வரியை நான்காக உடைத்துவிட்டது. ஒரு மருந்து 40 பெட்டி இருக்கிறது, 10 பெட்டிக்கு ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். முதலில் அந்தப் பத்தும் அந்த ஆர்டரின் பேரில் ஒதுக்கப்படும். இருப்பு இன்னும் 40தான், ஆனால் வேறு யாருக்கும் தரக்கூடியது 30. அப்புறம் ஒருவர் கையடக்க ஸ்கேனரோடு போகிறார். திரையில் வைப்பிட எண் வருகிறது: எந்த வரிசை, எந்த அடுக்கு, எந்தத் தட்டு. போய் வைப்பிடத்தின் பார்கோடை ஸ்கேன் செய்கிறார், பொருளை ஸ்கேன் செய்கிறார், எண்ணிக்கையை உறுதி செய்து டிராலியில் வைக்கிறார். இப்போதும் இருப்பு 40தான். பத்துப் பெட்டி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. பிறகு பொதி கட்டல். லாரி கிளம்பி 'அனுப்பியாயிற்று' என்று அழுத்திய பிறகுதான் இருப்பு 30 ஆகும். இரண்டாம் படிக்கு 'வழங்கல்' என்று பெயர் வைத்தால், திரையைப் பார்ப்பவர் சரக்கு வாசலைத் தாண்டிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். கணக்கு முடிக்கும் நாளில் இது சண்டையில் கொண்டுபோய் விடும்.

நமக்கு இந்த வேலைக்குப் பழைய சொல் கிடைக்காததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேலை இருந்தது. தனி ஆளும் தனிக் கணக்கும் இல்லாததால் தனிப் பெயர் தேவைப்படவில்லை. இன்று கிடங்குச் செலவில் பாதிக்கு மேல் பிக்கிங்கில்தான் போகிறது என்பது இத்துறைப் பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதிலும் பெரும்பங்கு நடப்பதற்கே போகிறது. இவ்வளவு பணம் தின்னும் வேலைக்குத் தனிப் பெயர் வேண்டாமா?

> இலங்கையில் கிடங்கைக் களஞ்சியம் என்போம். இதற்கு 'சேகரிப்பு' பொருந்தாதா?

கொழும்பு நண்பரே, களஞ்சியம் அழகான சொல். சேகரிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூரியர்காரர் அனுப்புநரின் வீட்டுக்கு வந்து பொதியை வாங்கிப்போகும் பிக்கப்புக்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டோம். இரண்டும் ஒரே மென்பொருளில் அடுத்தடுத்த திரையில் வரும். 'திரட்டல்' என்ற பரிந்துரைக்கும் இதே மாதிரி இடைஞ்சல்: 'திரட்டி' என்றால் வலைப்பதிவுக் காலத்திலிருந்தே பல பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தளம் என்று வேறு பொருள்.

மிச்சம் 'எடுப்பு'. கிடங்கில் வேலை செய்பவர்கள் பிக் என்று சொல்லாத நேரத்தில் சொல்வது 'எடுக்கிறது'தான். 'ரெண்டாவது ரேக்குல எடுத்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். வினை அவர்கள் வாயிலேயே இருக்கிறது, பெயராக்குவது மட்டும்தான் நம் வேலை. ஆனால் பேராசிரியர் ஐயா எழுதியதைத் தள்ளிவிட முடியவில்லை:

> எங்கள் தலைமுறைக்கு 'எடுப்பு' என்றால் எடுப்புக் கக்கூஸ்தான் நினைவுக்கு வரும். ஒரு தொழிலாளியை 'எடுப்பாளர்' என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஐயா, மனிதரே மலத்தை அள்ளி எடுக்க வேண்டியிருந்த அந்த உலர் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது. அந்த நினைவு இன்னும் பலருக்கு உயிரோடு இருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, மறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் ஒரு சொல் ஒட்டினால் 'எடுப்பு' சாயம் மாறிவிடுகிறது. வாக்கெடுப்பு, கணக்கெடுப்பு என்று யாரும் தயங்காமல் சொல்கிறோம். ஆகவே தனியாக விடாமல், ஒட்டுச்சொல்லாக வைத்துக்கொண்டால் என்ன?

எதை ஒட்டுவது என்பதிலும் பள்ளங்கள் உண்டு. 'சரக்கெடுப்பு' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கடைக்காரர் 'சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போயிருக்கிறார்' என்றால் அது கொள்முதல். (மாலை வேளையில் அதே வாக்கியத்துக்கு இன்னொரு பொருள் உண்டு, அதையும் யாராவது எழுதிவிடுவீர்கள்.) 'ஆர்டர் எடுப்பு' என்றால் கடை கடையாகப் போகும் விற்பனைப் பிரதிநிதி ஞாபகத்துக்கு வருவார். இரண்டையும் தாண்டி நிற்பது 'பொருளெடுப்பு'. என் வாக்கு அதற்கு.

ஒரு கலைச்சொல் தேறுமா என்பது அதன் குடும்பத்தைப் பார்த்தால் தெரியும். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் பிக் லிஸ்ட் என்று ஓர் ஆவணம் இருக்கிறது: 'எடுப்புப் பட்டியல்'. பொருளை எடுக்க நடந்துபோகும் பிக் பாத்: 'எடுப்பு வழி'. இந்த வழி ஆராய்ச்சிக்கே உரிய பொருள். இணையான நடைபாதைகள் கொண்ட செவ்வகக் கிடங்கில் மிகக் குறுகிய வழியை விரைவாகக் கணக்கிட்டுவிட முடியும் என்று 1983-இல் ராட்லிஃப், ரோசன்தால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். பட்டியலில் 20 என்று இருந்து தட்டில் 17தான் கிடைத்தால் 'குறையெடுப்பு'. ஆளுக்கு 'பொருளெடுப்பவர்'. ஐயா சொன்னதற்காக 'எடுப்பாளர்' வேண்டாம்.

ஓடூ என்ற இன்னொரு நிறுவன மென்பொருளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் நிரல் உள்ளே ஸ்டாக் பிக்கிங் என்று பெயர் இருக்கும், ஆனால் வரவு, அனுப்புகை, உள் மாற்றம் எல்லாமே அதில்தான் பதிவாகும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு பொருளெடுப்பு என்று மாற்றினால், லாரியில் வந்திறங்கும் சரக்கும் பொருளெடுப்பு ஆகிவிடும். திரையில் தெரியும் பெயரைப் பார்த்து 'இடமாற்றம்' என்றே போடுங்கள்.

அடுத்து பேட்ச் பிக்கிங். பல ஆர்டர்களுக்கு வேண்டியதை ஒரே சுற்றில் எடுத்துவந்து பிறகு பிரிப்பது. 'தொகுதி எடுப்பு' என்று நம் கலைச்சொல் கோப்பில் ஏற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து நீக்குங்கள். மருந்துக் கிடங்கில் தொகுதி எண் என்றால் மாத்திரைப் பட்டையில் அச்சாகியிருக்கும் பேட்ச் எண். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போல மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் அமைப்புகளில் காலாவதித் தேதியும் தரச் சோதனையும் அந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கின்றன. ஒரு தொகுதியைத் திரும்பப் பெறச் சொல்லி ஆணை வரும் நாளில் 'தொகுதி எடுப்பு' என்ற பொத்தான் என்ன குழப்பம் செய்யும் என்று யோசியுங்கள்.

என் மாற்று: 'ஈடு'. ஒரு ஈடு இட்லி என்கிறோமே, அதேதான். ஒரே தட்டில் பலருக்கு வேண்டியது ஒரே நேரத்தில் வேகிறது. 'ஈட்டு எடுப்பு' நாக்குக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். 'ஈடாக எடுத்தல்' என்றால் பதிலீடு என்று படும், அது வேண்டாம்.

கடைசியாக ஸ்லாட்டிங். வேகமாக விற்பதை வாசலுக்குப் பக்கத்திலும் இடுப்பு உயரத்திலும், தூங்குவதை மேல்தட்டிலும் வைக்கத் திட்டமிடுவது. 'இட ஒதுக்கீடு' என்று போட்ட நண்பருக்கு: இலக்கணப்படி சரி, ஆனால் அந்தத் திரையைத் திறப்பவர் கிடங்கை மறந்துவிட்டு வேறு விவாதத்துக்குப் போய்விடுவார். 'வைப்பிட வகுப்பு' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். மேலானது கிடைத்தால் மாற்றிவிடலாம்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பொருளெடுப்பு, எடுப்புப் பட்டியல், எடுப்பு வழி, குறையெடுப்பு நான்கையும் கோப்பில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
ஓரகடத்திலிருந்து

---

> ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால்

'எடுப்பாளர்' வேண்டாம் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டீர்கள், பொருளெடுப்புக்கு என் சம்மதம், தம்பி. 'ஈட்டு எடுப்பு' வேண்டாம். 'ஈட்டெடுப்பு' என்று புணர்த்தியே எழுதுங்கள், முரண்டு பாதி குறையும். வேவ் பிக்கிங்கை விட்டுவிட்டீர்களே? லாரி கிளம்பும் நேரத்துக்குத் தக்கபடி ஆர்டர்களை விடுவிப்பது என்று போன மடலில் விளக்கியிருந்தீர்கள். 'அலை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மண் லாரிக்காரர்கள் 'ரெண்டு நடை அடிச்சாச்சு' என்பார்கள். 'முதல் நடை, இரண்டாம் நடை' சரிப்படுமா?

---

ஐயா, நடை நன்றாக இருக்கிறது. ஒரு நடைக்குள் பல ஈடு என்று அடுக்கவும் முடிகிறது. 'காலை நடை' என்று திரையில் வந்தால் சிரிப்பார்கள் என்பது ஒன்றுதான் தயக்கம். எண்ணால் மட்டும் குறித்து, பொழுதின் பெயரைத் தவிர்த்து ஏற்றிவிடுகிறேன்.