இசக்கியிடம் பிள்ளை வரம் கேட்பது எப்படி வழக்கமாயிற்று?

நாங்குநேரியான் கேட்டது:
எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடை விழாவில், இசக்கியாக வணங்கப்படும் நீலியின் கதையை விடிய விடிய வில்லுப்பாட்டில் கேட்டேன். வணிகனைப் பழிவாங்கக் கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவளிடம்தான், பிள்ளையில்லாதவர்கள் மரத்தொட்டில் கட்டி வேண்டிக்கொள்கிறார்கள். சிலையிலும் ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, இன்னொன்றை வாயில் கடித்தபடி இருக்கிறாள். பேயாகப் பாடப்படுகிறவளே தாயாக வணங்கப்படுவது ஏன் என்று விவரம் அறிந்த பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொருநைக்கரை எழுதியது:
தம்பி, பழியெடுக்கும் பகுதிக்கு முன்னால் வரும் கொலையையும் சேர்த்துப் பாருங்கள். முற்பிறவியில் தன்னை நம்பி மடியில் தலைவைத்துத் தூங்கியவளின் தலைக்கு அடியில் மணலைக் குவித்து வைத்துவிட்டு, நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொன்றவன்தான் மறுபிறவியில் அந்த வணிகனாக வருகிறான். அன்று அந்தக் காட்டில் அவளுக்குச் சாட்சியாக நின்றது கள்ளிச்செடி ஒன்றுதான். அதனால்தான் பழியெடுக்க வரும்போது கள்ளியே பிள்ளையாகிறது. வணிகன் உயிருக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபது பேரும், அவள் அவனைக் கொன்றதும், சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். தொண்டை நாட்டுப் பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையைத் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமே குறிப்பிடுகிறது. நம் பக்கத்தார் அவளைக் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் நிலைகொள்ள வைத்துவிட்டார்கள்.

ஆயுள் முடியுமுன் அநியாயமாகச் செத்தவர்களுக்கு நம் சீமையில் பீடம் போட்டு, கொடை கொடுத்து, நடந்ததை ஊரறியப் பாடுகிறார்கள். அவ்வாறு பாடும்போது, சாவைச் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலும் சாமியாடிக்கு அருள் உச்சத்துக்கு ஏறுகிறது. வாழ்வு பறிக்கப்பட்டவள் ஊர் தன் வழக்கைக் கேட்டதும் மனமிரங்கி, தனக்குக் கிடைக்காததைப் பிறருக்குத் தருகிறாள் என்றே நான் தொட்டில்களைப் புரிந்துகொள்கிறேன்.

களக்காட்டு வாசகர் எழுதியது:
சுடலைமாடன் கொலையுண்டவர் அல்லர். கயிலாயத்தில் பார்வதி ஏந்திய விளக்கின் சுடரில் பிறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதால் பூமிக்கு அனுப்பப்பட்டவர். ஆகவே எல்லாத் தெய்வங்களையும் ஒரே காரணத்துக்குள் அடக்க முடியாது. நடுச்சாமத்தில் கணியான் கூத்துக் கலைஞர்களின் மகுடப் பறை முழங்க, சாமியாடி தீப்பந்தத்துடன் மயான வேட்டைக்குப் புறப்படும்போது தெருவில் எவரும் எதிரே வரமாட்டார்கள். அதே சுடலைதான் விளைச்சலுக்கும் ஆடுமாடுகளுக்கும் காவல்.

பாபநாசத்தார் எழுதியது:
சாவிலிருந்து பிறந்த தெய்வத்துக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் இருக்கும் பட்டவராயரையும் சொல்ல வேண்டும். அவர்தான் முத்துப்பட்டன். பிராமணரான அவர், சக்கிலியப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, தோல் வேலையை ஏற்று, மாமனாரின் மாடுகளைக் கவரவந்த கள்வர்களோடு பொருது மாண்டார். இன்றும் அவருக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்புதான்.

அந்நியரையும் நம்மவர்கள் விட்டுவைக்கவில்லை. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ஆவிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கியதை இடையன்குடியில் வாழ்ந்த கிறித்தவ மதபோதகர் கால்டுவெல் எழுதிவைத்திருக்கிறார். இந்த ஆவிகளை அவர் பேய் வழிபாடு என்று ஒரே பெயரில் அடக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் படையலை நமக்குத் தெரியவைத்தது அவர் எழுத்துதான்.